மறைவிடத்தில் ஒரு கரும்புள்ளி: பார்க்கும் முறையும், பார்ப்பதை நிறுத்தும் முறையும்

கன்னத்தில் மச்சம் இருந்தால் அதற்குப் பலன் சொல்ல நம்மிடையே ஆள் இருக்கிறது. பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் பல்லி விழும் பலனுக்குப் பக்கத்திலேயே மச்ச பலனும் அச்சாகியிருக்கும். அதே அளவில், அதே நிறத்தில் ஒரு புள்ளி ஆடை மறைக்கும் இடத்தில் தென்பட்டுவிட்டால் மட்டும் அதை மச்சம் என்று அழைக்க நமக்கு வாய் வருவதில்லை. அது உடனே நோயாகிவிடுகிறது, அதுவும் வெளியில் சொல்ல முடியாத நோயாகிவிடுகிறது.

தண்டையார்பேட்டையில் வசிக்கும் நான் என் முப்பத்தொன்பதாவது வயதில் விதைப்பையின் தோலில் நான்கு கருநீலப் புள்ளிகளைக் கண்டு, ஏறத்தாழ நான்கு மாதங்களை அவற்றுக்குத் தாரை வார்த்தேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் அந்த நான்கு மாதங்களில் செய்யத் தகாத அனைத்தையும் செய்து முடித்து, அதன் பிறகே செய்ய வேண்டியதைச் செய்தவன் என்ற முறையில், இதே கவலையில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில், ஒரே ஒரு முறை ஒழுங்காகப் பாருங்கள். நம் வீடுகளில் குளியலறைக்குப் பெரும்பாலும் மங்கலான ஒரு விளக்கே வாய்க்கிறது. அந்த ஒளியில் பழுப்பு கறுப்பாகவும், சிவப்பு நீலமாகவும் தெரியும். கதவைத் தாழிட்டுக்கொண்டு, பகல் வெளிச்சம் வரும் அறையில், கைக்கண்ணாடியின் உதவியோடு பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் தேதியிட்டு எழுதுங்கள். புள்ளி எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கின்றன, கடுகளவா, உளுந்தளவா, மிளகளவா என்று குறியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் மேடு தட்டுகிறதா, தட்டையாக இருக்கிறதா என்பது பார்வையைவிடத் துல்லியமாகத் தெரியும். அரிப்பு, வலி, கசிவு உண்டா என்பதையும், அதற்கு முந்தைய வாரங்களில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: சவரம் செய்தீர்களா, காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ மாத்திரை சாப்பிட்டீர்களா, தொடை இடுக்கில் படர்தாமரை வந்து போனதா, புதிதாக யாருடனாவது உறவு இருந்ததா. இந்தத் தாள் உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியது; ஆகவே உண்மையையே எழுதுங்கள்.

கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படங்கள் தாமாகவே இணையச் சேமிப்புக்குச் சென்றுவிடும் அமைப்பு பல கைப்பேசிகளில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் விளையாடுவதும் அதே கைப்பேசியில்தான். திரை உடைந்தால் அதை அப்படியே பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம். பென்சிலால் ஒரு வட்டம் வரைந்து அதற்குள் புள்ளி வைத்தால் போதும்.

இப்படிப் பார்க்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. பிறப்புறுப்பு, தொடை இடுக்கு, ஆசனவாய் ஆகிய இடங்களின் தோல் உடலின் மற்ற இடங்களைவிடக் கறுத்திருப்பது இயல்பு. நிறமியைச் சுரக்கும் செல்கள் அங்கே பருவ வயதின் ஹார்மோன்களுக்கு ஏற்ப மிகுதியாக வேலை செய்கின்றன. பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் அந்தக் கருமை மேலும் கூடும். மாநிறத்தவரான நம்மில் பெரும்பாலோருக்கு இது தெளிவாகவே தெரியும். இணையத்தில் காணும் உடல்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு தம்மை நோயாளி என்று முடிவு செய்பவர்கள் அதிகம் என்பதாலும், திருமண வயதில் இருக்கும் பெண்களிடம் வெண்மையாக்கும் களிம்பை விற்பவர்கள் இந்த அறியாமையையே முதலாக வைத்திருக்கிறார்கள் என்பதாலும் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இனி, புள்ளிகள். எனக்கு வந்தது ரத்தநாளப் புள்ளி. தோலின் மேற்பரப்பை ஒட்டிய மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிவடைந்து, அவற்றின் மேல் தோல் சற்றே தடித்துப்போவதால் இவை உண்டாகின்றன. பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை இருக்கும். இளம் வயதில் சிவப்பாகவும், வயது ஏற ஏறக் கருநீலமாகவும் தோன்றும். ஆண்களுக்கு விதைப்பையிலும், பெண்களுக்கு பிறப்புறுப்பின் வெளி உதடுகளிலும் வரும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜான் அடிசன் ஃபோர்டைஸ் 1896-இல் விதைப்பையில் வரும் இவ்வகையை விவரித்ததால், மருத்துவர்கள் இன்றும் அவர் பெயராலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள். இது தொற்றாது, புற்றுநோயாக மாறாது, சிகிச்சையும் பெரும்பாலும் தேவையில்லை. கிள்ளினாலோ சவரக் கத்தி பட்டாலோ மட்டும் அளவுக்குப் பொருந்தாத அளவில் ரத்தம் வரும். சுத்தமான துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அடிக்கடி ரத்தம் வந்து தொல்லை கொடுத்தால் லேசர் மூலமாகவோ மின்சூடு வைத்தோ அகற்றலாம். சிறு வயதிலேயே இத்தகைய புள்ளிகள் தொப்புளிலிருந்து முழங்கால் வரை கூட்டமாகப் பரவி, கை கால்களில் எரிச்சலும் சேர்ந்திருந்தால் மட்டும் அது அரிதான ஒரு மரபுவழி நோயின் அடையாளமாக இருக்கலாம். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தட்டையான, விரலுக்குத் தட்டுப்படாத பழுப்பு அல்லது கறுப்புத் திட்டுகள் வேறு வகை. நிறமி ஓரிடத்தில் மிகுதியாகச் சேர்வதால் வருபவை இவை. பெரும்பாலும் தீங்கற்றவை, ஆனால் ஓரம் சீரற்று, ஒரே திட்டுக்குள் இரண்டு மூன்று நிறங்கள் கலந்திருப்பதும் உண்டு என்பதால், வெறும் கண்ணால் பார்த்து இது தீங்கற்றது என்று நீங்களே முடிவு செய்துவிட முடியாது. மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார். ஐயம் இருந்தால் சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். துணுக்கு எடுக்கச் சொல்வதாலேயே புற்றுநோய் என்று பொருள் ஆகிவிடாது.

பலருக்கும் தெரியாத ஒன்று மாத்திரைத் தழும்பு. ஏதோ ஒரு மாத்திரையைச் சாப்பிட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ, ஆணுறுப்பின் முனையிலோ வாயின் உதட்டிலோ வட்டமாகச் சிவந்து எரிந்து, சில வேளைகளில் கொப்புளமாகி, ஆறிய பிறகு கருஞ்சாம்பல் நிறத் தழும்பை விட்டுச் செல்லும். அடுத்த முறை அதே மாத்திரையைச் சாப்பிட்டால் அதே இடத்திலேயே மீண்டும் வரும். கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல், ஐபுபுரூஃபன் போன்ற, நம் தெரு மருந்துக் கடைகளில் சர்வசாதாரணமாகக் கைமாறும் மாத்திரைகளுக்கே இது வரக்கூடும். இதைப் பால்வினை நோய் என்று எண்ணிக் குமுறும் கணவன்மாரும், அவர்களைச் சந்தேகிக்கும் மனைவிமாரும் முதலில் மாத்திரை அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்துவிட்டால் அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டு, எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள்.

படர்தாமரை ஆறிய பின் நிற்கும் கருமைக்கு வட சென்னையில் பஞ்சமே இல்லை. கடற்காற்றின் ஈரம், நாள் முழுதும் ஜீன்ஸ், கண்டெய்னர் லாரியின் எஞ்சின் சூடு, காசிமேட்டில் உப்புத் தண்ணீரில் ஊறிய ஆடையோடு அரை நாள் வேலை என்று எல்லாமே தொடை இடுக்குக்கு எதிராகவே அமைந்திருக்கின்றன. அரிப்பு போன பிறகும் கருமை மங்கப் பல மாதங்கள் ஆகும். அது நோய் தொடர்கிறது என்பதன் அடையாளம் அன்று. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு மூன்றிலும் வெல்வெட்டுத் துணிபோல் தடித்த கருமை இருந்தால் மட்டும் களிம்பைத் தேடாமல் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் இது வருகிறது. மஞ்சள் நிறக் குருணைபோல் தெரியும் எண்ணெய்ச் சுரப்பிகளும், ஆணுறுப்பு முனையின் விளிம்பில் வரிசை கட்டி நிற்கும் வெண்முத்துகளும் கரும்புள்ளிகள் அல்ல என்றாலும், அவையும் இதே பீதியைக் கிளப்புகின்றன; அவையும் இயல்பானவையே.

தாமதிக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களிலோ மாதங்களிலோ வளரும் புள்ளி, நிறமும் வடிவமும் மாறும் புள்ளி, காயமின்றித் தானே ரத்தம் கசியும் புள்ளி, மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றிய கறுப்புத் திட்டு, அரிப்போடு கூடிய வெண்திட்டு, தொடை இடுக்கில் கட்டும் நெறி ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுரையில் ஆறுதல் தேடாதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உறவுக்குப் பின் சில வாரங்களில் தோன்றும் வலியற்ற புண் சிபிலிஸ் என்ற பால்வினை நோயாக இருக்கலாம். நோய் தீராமலே புண் மட்டும் தானே மறைந்துவிடும் என்பதே அதிலுள்ள ஆபத்து. சொரசொரப்பாகப் பெருகும் மருக்களும், கூட்டமாக வரும் பழுப்பு மேடுகளும் வைரஸால் வரக்கூடியவை. அவற்றைத் துணைவரும் காட்டிக்கொள்ள வேண்டும்.

பூசக் கூடாதவை பற்றி எழுதினால் தனி நூலாகும். பாலுண்ணிக்குக் குதிரைவால் முடி கட்டுவதும், மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால் வைப்பதும், மச்சத்தைச் சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும் நம் பாட்டிமார் முழங்கையில் செய்து பார்த்தவை. மறைவிடத்தின் தோல் மிக மெல்லியது. அங்கே சுண்ணாம்பு வைத்தால் புண்தான் மிஞ்சும். ரத்தநாளப் புள்ளியை முடியால் இறுக்குவதோ ரத்தப்போக்கை வலிந்து அழைப்பதாகும். நான் எலுமிச்சையும் பற்பசையும் பூசிப் பார்த்தேன். புள்ளி அப்படியே இருந்தது. அதைச் சுற்றிய தோல் உரிந்து, உரிந்த தோலைக் கண்டு இன்னும் இரண்டு வாரம் பயந்தேன்.

அவற்றைவிடக் கெட்டது மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் கலவைக் களிம்பு. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் ஒரே குழாயில் அடைபட்டிருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். சில வாரங்களில் தோல் மெலிந்து வரிவரியாகக் கீறலிடும். பூஞ்சையோ முன்னிலும் பரவும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் 2018-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன என்பதைக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. பால்வினை நோய்களைத் தீர்ப்பதாகவும் ஆண்மையைப் பெருக்குவதாகவும் மருந்துகளை விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும், கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறும் எவருக்கும் அத்தகைய ஒட்டுவிளம்பரங்கள் புதியவை அல்ல. மாதம் ஒரு நாள் விடுதியில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவரிடம் நானும் ஒருமுறை போனேன். அவர் புள்ளியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மண்டலத்துக்கு லேகியம் கொடுத்தார்.

மருத்துவரிடம் எப்படிப் போவது என்பதில்தான் பலர் மாதக்கணக்கில் தேங்கிவிடுகிறார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கத்தவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்கிறது. புறநோயாளிகள் பிரிவு காலை வேளையில் நடக்கும் என்பதால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். சீட்டு வாங்கும் இடத்தில் உடலின் எந்தப் பகுதி என்று சொல்ல வேண்டியதில்லை. தோல் பிரிவு என்ற இரண்டு சொற்கள் போதும். அங்கே தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. பார்த்தால் தேமலுக்கு வந்தேன் என்று சொல்வது பெரும் பொய் ஆகாது. தனியாரிடம் போவதானால் தோல் மருத்துவத்தில் பட்டம் பெற்றவரிடமே செல்லுங்கள். பெயர்ப்பலகையில் பட்டத்தைப் படிக்காமல் படியேறாதீர்கள். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம். ஆண் மருத்துவர்தான் இருக்கிறார் என்றால், சோதிக்கும்போது செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உரிமை. ராயபுரத்தில் பெண்களுக்கான அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் இருக்கிறது. பால்வினை நோய் இருக்கலாம் என்ற நியாயமான ஐயம் உங்களுக்கு இருந்தால், அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், முடிவை ரகசியமாகவே வைப்பார்கள். 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம். கரும்புள்ளி எதுவும் தன்னளவில் எச்.ஐ.வி.யின் அடையாளம் ஆகாது.

உள்ளே போனதும் எழுதி வைத்த தாளை நீட்டுங்கள். எனக்கு நாக்கு எழவில்லை, தாள்தான் பேசியது. மருத்துவர் படித்துவிட்டுத் திரையை இழுத்துக் கேட்டார்.

“எத்தனை நாளா இருக்கு, தம்பி?”

“நாலு மாசமா டாக்டர்.”

“நீங்க பார்க்கிறது நாலு மாசமா. அது இருக்கிறது எத்தனை வருஷமோ.”

ஒரு சிறு கண்ணாடித் தகட்டைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்தினார். நிறம் சற்று வெளிறியது. ரத்தக் குழாய்தான் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். கிளம்புவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இதன் பெயர் என்ன, எந்த மாற்றம் வந்தால் திரும்ப வர வேண்டும், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் வந்ததால்தான் எனக்கு அடுத்த சிக்கல் தொடங்கியது.

நிம்மதி பத்து நாள் நீடித்தது. அதன் பிறகு, அவர் சரியாகத்தான் பார்த்தாரா என்ற எண்ணம் எழுந்தது. மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் டார்ச். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தால் பதினொரு முறை குளியலறைக்குப் போயிருக்கிறேன். இங்கே நோய் புள்ளியில் இல்லை, பார்ப்பதில்தான் இருக்கிறது. பார்க்கப் பார்க்கத் தடவுகிறோம். தடவத் தடவத் தோல் சிவக்கிறது. சிவந்ததை மாற்றம் என்று படித்து மறுபடி பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் சில நிமிட ஆறுதல் அடுத்த முறைக்கான பசியையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

இதை ஒரே நாளில் விட முடியாது; நான் மூன்று வாரத்தில் விட்டேன். முதல் வாரம் பார்ப்பதை நிறுத்தவில்லை, தள்ளிப்போட்டேன்: பார்க்கத் தோன்றும்போது கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் கழித்துப் போவது என்று வைத்துக்கொண்டதில், பாதி முறை இருபது நிமிடத்துக்குள் ஆவலே அடங்கிப்போயிற்று. அடுத்த வாரம் கைப்பேசியைக் குளியலறைக்குள் கொண்டுபோவதை நிறுத்தினேன்; டார்ச் இல்லாமல் அந்த மங்கல் விளக்கில் ஆராய்ச்சி நடக்காது. சோப்புப் போடும் கை சோப்பு மட்டுமே போட வேண்டும் என்பதும் ஒரு விதி. மூன்றாம் வாரம் மாதத்தின் முதல் ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்து, அன்று பகல் வெளிச்சத்தில் பழைய தாளோடு ஒப்பிடுவது, மற்ற நாள்களில் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். இணையத்தில் படம் தேடுவதை முதல் நாளே விட்டுவிடுங்கள். சாதாரணப் புள்ளியை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை, ஆகவே தேடுபவருக்கு மிகக் கொடியதே கிடைக்கிறது.

கவலை இரவில்தான் வரும் என்பதால் அதற்கு மாலையிலேயே ஒரு கால் மணி நேரம் ஒதுக்கிவிடுவது எனக்கு உதவியது. அந்த நேரத்தில் அஞ்சுவதை முழு வாக்கியமாக எழுத வேண்டும். நான் எழுதிய முதல் வாக்கியம் இது புற்றுநோய் என்பது. இரண்டாவது, இது என் மனைவிக்கு ஒட்டிவிடும் என்பது. இவ்விரண்டுக்கும் மருத்துவர் பதில் சொல்லிவிட்டார். மூன்றாவது வாக்கியம் பல நாள் கழித்தே வந்தது: அவள் இதைப் பார்த்தால் என்னைத் தப்பாக நினைப்பாள். நான்கு மாதமும் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது அதுதான் என்பது எழுதிய பிறகே எனக்குப் புரிந்தது. அதற்கு எந்த மருந்துக் கடையிலும் களிம்பு இல்லை.

ஆகவே சொன்னேன். சொல்வதற்கு இரவையும் படுக்கையையும் தேர்ந்தெடுக்காதீர்கள். இருவரும் வேறு ஏதோ வேலையில் இருக்கும் பகல் பொழுது நல்லது. மருத்துவரிடம் போய்வந்ததை முதலில் சொல்லி, அவர் சொன்ன பெயரை அடுத்துச் சொல்லி, புள்ளியைக் கடைசியில் சொல்லுங்கள். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, “இன்னாய்யா, இதுக்கா நாலு மாசமா மூஞ்சத் தூக்கி வச்சினு இருந்த?” என்றாள். எல்லார் வீட்டிலும் இவ்வளவு எளிதாக முடியும் என்று சொல்ல மாட்டேன். சந்தேகம் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் துணைவரை மருத்துவரிடமே அழைத்துப்போய் அவர் வாயால் கேட்க வைப்பது மேல். சொன்ன பிறகு இன்னொரு முறை பாரேன், மாறியிருக்கிறதா சொல்லேன் என்று அவர்களை நச்சரிப்பதும் கண்ணாடியில் பார்ப்பதற்குச் சமம். அதையும் மாதம் ஒருமுறைக்குக் கட்டுப்படுத்துங்கள்.

இரண்டு மருத்துவர்கள் ஒரே பதிலைச் சொன்ன பிறகும் மூன்றாமவரைத் தேடுகிறீர்கள், வேலைக்குப் போக முடியவில்லை, உறவைத் தவிர்க்கிறீர்கள், தூக்கம் கெட்டுவிட்டது என்றால், இப்போது சிகிச்சை தேவைப்படுவது தோலுக்கு அன்று. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கும் நகரம் இது. அதனால்தான் மனநல மருத்துவர் என்றதும் உடல் கூசுகிறது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்தால் வீட்டிலிருந்தபடியே தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உடல்நோய் பற்றிய இந்த ஓயாத அச்சத்துக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நல்ல பலன் தருகின்றன.

அன்றாடப் பராமரிப்பு சுருக்கமானது. குளித்த பின் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். பீர்க்கங்கூடு, கல், பிரஷ் எதுவும் வேண்டாம். வீட்டில் பருத்தி கைலியோ தளர்ந்த ஆடையோ போதும். உப்பு நீரில் வேலை செய்பவர்கள் திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். புள்ளி இருக்கும் இடத்தில் சவரக் கத்திக்குப் பதிலாகக் கத்தரிக்கோலால் முடியைக் குறையுங்கள். முடி நீக்கும் களிம்பு மறைவிடத்துக்கு வேண்டாம்.

என் நான்கு புள்ளிகளும் இன்னும் இருக்கின்றன. சென்ற ஆண்டு ஐந்தாவது ஒன்று தென்பட்டது. தாளை எடுத்து, தேதி போட்டு, கடுகளவு, மேடு, கருநீலம் என்று எழுதினேன். மருத்துவர் சொல்லியிருந்த எந்த மாற்றத்திலும் அது சேரவில்லை என்பதால், தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறுக்காகக் காத்திருந்தேன். அந்த ஞாயிறன்று பார்க்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமை மாலைதான் நினைவு வந்தது.